கண்டி தந்த கலாயோகி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நடராசர் திருவுருவம். சிவதாண்டவத்தின் பொருளை மேல்நாட்டு வாசகருக்கு விளக்கியவர், அமெரிக்காவின் பொஸ்டன் நூதனசாலையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய அறிஞர் என்றே அவரை நாம் அறிந்திருக்கிறோம். அந்த அறிஞர் உருவான இடம் எமது கண்டி என்பதைப் பலர் அறியார். 1903 முதல் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் இந்த மலைநாட்டில் வாழ்ந்தார். ஒரு நகரத்தையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் அங்கு வாழும் மக்களின் தொழில்களைக் கொண்டு விளங்கிக்கொள்ளும் வழியை அவர் இங்கேதான் கண்டுகொண்டார். நகர மானிடவியல் என்று இன்று பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படும் துறைக்கு அந்நாளில் பெயர்கூட இருக்கவில்லை. அத்துறை பின்னர் கேட்ட கேள்விகள் சிலவற்றை அவர் கண்டித் தெருக்களிலும் தும்பறை, மாத்தளைக் கிராமங்களிலும் கேட்டுத் திரிந்தார். கண்டியில் கல்வி கற்று இன்று உலகெங்கும் பரந்து வாழும் பழைய மாணவியர் அவருடைய வாழ்க்கையை அறிந்திருப்பது பொருத்தமானது.

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி யாழ்ப்பாணத்தை வேராகக் கொண்ட குடும்பத்தவர், சட்டவறிஞர், சட்டநிரூபண சபை உறுப்பினர். அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்திற் பெயர்த்தவரும், பாளி மொழியிலுள்ள பௌத்த நூல்களை மொழிபெயர்த்தவரும் அவரே. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் அவருடைய சகோதரியின் புதல்வர்கள். தாயார் எலிசபெத் கிளே பீபி ஓர் ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிறையுமுன் தாயார் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்னால் செல்லவிருந்த தந்தையார் 1879 மே மாதத்தில் கொழும்பிலேயே காலமானார். தாயும் மகனும் அங்கேயே தங்கிவிட்டனர்.

எனவே ஆனந்தர் வளர்ந்தது முழுக்க முழுக்க ஆங்கிலேயச் சூழலில். குளொஸ்டர்ஷயரிலுள்ள விக்கிளிஃப் கல்லூரியில் பயின்றபின் இலண்டன் யூனிவர்சிற்றி கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று 1900 இல் பட்டம் பெற்றார். 1902 இல் எதெல் மேரி பார்ட்ரிஜ் என்ற பெண்மணியைத் திருமணஞ் செய்தார். அடுத்த ஆண்டு இலங்கையின் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் பணிப்பாளராக நியமனம் பெற்று மனைவியுடன் இங்கு வந்து சேர்ந்தார். தாம் பிறந்த நாட்டை அறிவறிந்த பருவத்தில் அவர் கூர்ந்து பார்க்கத் தொடங்கியது இந்தப் பணியின் மூலமே.

உத்தியோகத்தில் அவர் குறை வைக்கவில்லை. சப்பிரகமுவ மாகாணத்தின் ஆற்றுக் கற்களிடையே தோரியனைட் என்ற புதிய கனிப்பொருளைக் கண்டறிந்தவர் அவர். விஞ்ஞான உலகம் கதிரியக்கத்தைப் பற்றிப் பரபரப்பாகப் பேசிய காலம் அது. தோரியம் நிறைந்த அந்தக் கறுப்புக் கல் ஐரோப்பிய ஆய்வுகூடங்களின் கவனத்தை ஈர்த்தது. அவருடைய புவிச்சரித ஆய்வுகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டமும் வழங்கியது.

கல்லைத் தேடி ஊர் ஊராகச் செல்ல வேண்டிய பணி அது. சென்ற இடங்களில் எல்லாம் கல்லைவிட மனிதர்கள் அவர் கண்ணிற் பட்டார்கள். விகாரைச் சுவர்களிற் சித்திரம் தீட்டுவோர், பொன்வேலை செய்வோர், தந்தம் கடைவோர், பாய் நெய்வோர், பானை வனைவோர் என்று பல வகையினர். தந்தை, பாட்டன் செய்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அதே வேலையைத் தம் பிள்ளைகள் தொடர்வார்கள் என்ற நம்பிக்கையை இழந்துகொண்டிருந்தவர்களும் அவர்களே. இந்நிலை ஏன் வந்தது என்ற கேள்வி இளம் விஞ்ஞானியைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு விடை தேடியபோது கண்டி நகரம் அவருக்கு வேறொரு விதமாகத் தெரியலாயிற்று. தலதா மாளிகை, நான்கு தேவாலயங்கள், அரச மண்டபம், எண்கோண வடிவிலான பத்திரிப்புவ, குளக்கரை மதில் ஆகியவை இன்றும் எமக்குப் பழகிய காட்சிகள். இவற்றைக் கட்டியும் அலங்கரித்தும் பேணியும் வந்தவர்கள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே, சுற்றியுள்ள கிராமங்களில் வாழ்ந்தவர்கள். அரசனோ விகாரையோ தேவாலயமோ கொடுத்த நிலத்தை அவர்கள் உழுது உண்டார்கள். அதற்கு ஈடாகக் குறித்த நாட்களில் வந்து குறித்த வேலையைச் செய்தார்கள். ஒரு குடும்பம் கூரையைப் பழுது பார்க்கும். ஒரு குடும்பம் விளக்கைத் தரும். ஒரு குடும்பம் பெரஹராவில் முரசு கொட்டும். அரசனுக்கென்று வேலை செய்த தலைசிறந்த கைவினைஞர்கள் பட்டல் ஹத்தர எனப்பட்ட நான்கு பட்டறைகளில் அடங்கினர். பட்டடை, பட்டறை என்ற எமது சொற்களை அந்தப் பெயர் நினைவூட்டும். பொன் வாள், ஆபரணம், சிம்மாசனம், முடி என்று அப்பட்டறைகள் பெயர் பெற்றிருந்தன.

இந்த ஒழுங்கு எப்படிக் குலைந்தது என்பதையும் அவர் ஆராய்ந்தார். 1815 இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானபோது கைவினைஞருக்கு வேலை கொடுத்த அரசவை இல்லாமற் போயிற்று. இராஜகாரிய முறை 1830 களில் நீக்கப்பட்டது. விகாரை நிலங்களுக்குரிய சேவையையும் பணமாகக் கட்டித் தீர்க்கலாம் என 1870 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. கட்டாய வேலையிலிருந்து மக்கள் விடுதலை பெற்றது நன்மைதான். ஆனால் அந்த வேலையோடு கூடிய கைத்திறனைத் தாங்கிப்பிடிக்க வேறு ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை. 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. மான்செஸ்டர் துணியும் செயற்கைச் சாயமும் மலிந்தன. ஒரு தலைமுறை கழிவதற்குள் உள்ளூர்த் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. உட தும்பறையிலுள்ள தலகுனே போன்ற ஒரு சில ஊர்களில் மட்டும் பழைய முறைப் பருத்தி நெசவு எஞ்சியிருந்தது.

அவர் ஆராய்ந்த முறையை இங்கு குறிப்பிட வேண்டும். பழைய கட்டடத்தின் அழகை விபரிப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. அதைச் செய்தவன் யார், எந்தச் சாதியைச் சேர்ந்தவன், எவரிடம் கற்றான், என்ன கருவி பிடித்தான், கூலியாக நெல் பெற்றானா நிலம் பெற்றானா, எந்த மந்திரம் சொல்லி வேலையைத் தொடங்கினான் என்றெல்லாம் விசாரித்தார். சிற்பிகள் கைவசம் இருந்த ஏட்டுச் சுவடிகளைப் படிக்கச் செய்து கேட்டார். புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கில் ஓவியன் சிலையை நேரே நோக்காமல் கண்ணாடியிற் பார்த்துக் கண்ணெழுதுவதை விளக்கமாகப் பதிவு செய்தார். மாத்தளைப் பகுதியில் அரக்கை இளக்கி, இழையாக இழுத்து, நகத்தால் நறுக்கி மரப்பிடிகளில் ஒட்டும் வேலையையும், தும்பறையில் மருள் நாரைச் சாயந் தோய்த்துப் பாய் நெய்யும் வேலையையும் படிப்படியாக எழுதிவைத்தார்.

தமிழ் வாசகர் அறிய வேண்டிய இன்னொன்றும் அந்த ஆய்வில் உண்டு. கண்டிக் கலை சிங்களவருக்கே உரிய தனித்தன்மை உடையது என்பதை அவர் அழுத்திச் சொன்னார். அதே சமயம் அதில் தென்னிந்திய இழைகள் பின்னிக் கிடப்பதையும் அவர் மறைக்கவில்லை. 1344 இல் எழுந்த கடலாதெனிய விகாரையின் தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்ற தென்னாட்டவர். 1739 முதல் கண்டியை ஆண்ட கடைசி நான்கு அரசர்கள் மதுரைத் தொடர்புடைய நாயக்கர் குலத்தவர். அவர்களின் உறவினர் வாழ்ந்த வீதியே பின்னாளில் மலபார் வீதி எனப்பட்டது. அந்த நாயக்க அரசருள் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில்தான் பௌத்த விகாரைகள் பல புதுப்பிக்கப்பட்டு, தெகல்தொருவ போன்ற இடங்களில் ஒப்பற்ற சுவரோவியங்கள் எழுந்தன. இரண்டு மரபுகள் ஒரே நகரத்தில் ஒன்றையொன்று வளர்த்த வரலாறு அது. பின்வந்த காலத்தில் இரண்டையும் எதிரெதிரே நிறுத்தப் பலர் முயன்றனர். அவர் எழுதிவைத்த சான்றுகள் அம்முயற்சிக்கு இன்றும் தடையாக நிற்கின்றன.

இந்த ஆய்வில் எதெல் அம்மையாரின் பங்கைத் தனியே சொல்லாமல் விடலாகாது. பெண்கள் கல்லூரியொன்றின் மலரில் அதைச் சொல்வது எமது கடமையும் ஆகும். நூலுக்கு வேண்டிய நிழற்படங்களைப் பெரும்பாலும் எடுத்தவர் அவரே. பாரமான கருவியையும் கண்ணாடித் தட்டுகளையும் மலைநாட்டு ஈரத்தில் காத்துப் படம் எடுப்பது அந்நாளில் இலேசான காரியம் அன்று. கண்டிப் பெண்களின் பழைய எம்பிரொய்டரி வேலைகளைத் தேடிச் சேகரித்து, கைத்தறித் துணியில் சிவப்பும் நீலமுமான நூலால் எந்தத் தையல் எவ்வாறு இடப்பட்டது என்று ஆராய்ந்து எழுதினார். ஆண் ஆய்வாளர் எளிதில் நுழைய முடியாத அடுக்களைப் பக்கத்து உலகம் அவர் வழியாகவே அந்த ஆய்வுக்குள் வந்தது.

கண்டியிற் கண்டதை ஏட்டில் எழுதிவைப்பதோடு ஆனந்தர் அமையவில்லை. 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் தலைவரானார். இலங்கைத் தேசிய சஞ்சிகை என்ற ஆங்கில இதழையும் அச்சங்கம் வெளியிட்டது. கண்டித் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை எழுதி, பழைய விகாரைகளும் தேவாலயங்களும் பேணுவாரின்றிச் சிதைவதையும், பொருத்தமற்ற திருத்தங்களால் கெடுவதையும் சுட்டிக்காட்டினார். அயலவர் உடையை ஆராயாமற் பூண்டுகொள்வதைக் கண்டித்துச் சிறு நூலொன்று எழுதினார். ஐரோப்பியச் சூழலில் வளர்ந்த ஒருவர் இதைச் சொன்னபோது இங்கு சிலருக்கு வியப்பும் சிலருக்கு எரிச்சலும் உண்டாயின.

அவர் அதிகம் வருந்தியது கல்வியைப் பற்றியே. ஆங்கிலப் பாடசாலையிற் படித்து வெளிவரும் பிள்ளை தன் ஊர்க் கோவிலின் தூணைப் பார்த்து அதன் பெயர் சொல்லத் தெரியாதவனாய், தன் பாட்டியின் பாட்டைக் கேட்டு வெட்கப்படுபவனாய் ஆகிவிடுகிறான் என்று அவர் கருதினார். சிங்களமும் தமிழும் பாடசாலைகளில் உரிய இடம் பெறவேண்டும் என்று வாதாடினார். ஹார்மோனியமும் கிராமபோனும் வீட்டு இசையை விழுங்குவதைப் பற்றிக்கூட எழுதினார். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று அருணாசலம் அவர்கள் தொடங்கிய இயக்கத்தையும் ஆதரித்தார். அந்தக் கனவு பலித்து, பேராதனை மலைச்சாரலில் 1952 இல் பல்கலைக்கழகம் குடியேறியபோது அவர் உயிரோடு இல்லை.

1907 இல் இங்கிலாந்து திரும்பிய தம்பதியர் புரோட் கம்டன் என்ற சிற்றூரில் பழைய தேவாலயமொன்றைத் திருத்தி வீடாக்கிக்கொண்டனர். வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரம் அங்கு வந்து சேர்ந்தது. அந்தக் கை அச்சில் 1907 செப்டெம்பர் தொடங்கி 1908 டிசெம்பர் வரை, தம் மேற்பார்வையிலேயே, மத்தியகாலச் சிங்களக் கலை என்ற பெருநூலை அச்சிட்டார். வெளிவந்தவை 425 பிரதிகள் மட்டுமே. கண்டியின் பெயர் தெரியாத ஓவியரும் தட்டாரும் பாய் நெய்வோரும் உலக அறிஞரின் மேசைக்கு வந்தது அந்த நூலின் வழியாகத்தான். அடுத்த ஆண்டு வெளிவந்த இந்தியக் கைவினைஞன் என்ற நூலில் கிராமத்துத் தொழிலாளி, நகரத்துத் தொழிற்குழுவைச் சேர்ந்தவன், அரசனுக்குக் கட்டுப்பட்டவன் என்று மூவகையாகப் பிரித்து ஆராய்ந்தார். மூன்றாம் வகைக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கண்டியே.

அதன்பின் அவருடைய பாதை வேறு திசையிற் சென்றது. எதெலுடனான மணவாழ்வு முறிந்தது. பின்னர் அவர் மேலும் மூன்று முறை மணஞ் செய்தார். இந்தியாவெங்கும் பயணஞ் செய்து இராஜபுத்திர ஓவியங்களைத் திரட்டினார். காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைத்தால் தம் சேகரிப்பு முழுவதையும் தருவதாகக் கூறினார். நாட்டிலிருந்து தக்க பதில் கிடைக்கவில்லை. முதல் உலகப் போரில் பிரித்தானியாவுக்காக ஆயுதம் ஏந்த மறுத்தார். 1917 இல் அவருடைய சேகரிப்பு பொஸ்டன் நுண்கலை நூதனசாலைக்குச் சென்றது. அதன் பொறுப்பாளராக அவரும் சென்றார். 1918 இல் சிவதாண்டவம் பற்றிய கட்டுரைத் தொகுதியும், 1927 இல் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறும் வெளிவந்தன. காலப்போக்கில் கைவினைஞனின் பட்டறையிலிருந்து தத்துவ ஆராய்ச்சிக்கு அவர் கவனம் நகர்ந்தது. ஆயினும் கலை என்பது வாழ்க்கைக்குத் தேவையான பொருளைச் செவ்வனே செய்வது, அது தனிப்பட்ட சிலருடைய ஆடம்பரம் அன்று என்ற கொள்கையை அவர் கடைசிவரை விடவில்லை. அந்தக் கொள்கையைத் தும்பறையின் தறிகளும் மாத்தளையின் அரக்குப் பட்டறைகளும் அவருக்கு முன்பே கற்பித்திருந்தன.

எதெல் அம்மையாரும் கண்டியை மறக்கவில்லை. மறுமணஞ் செய்து எதெல் மெய்ரே என்ற பெயருடன் டிச்லிங் என்ற ஊரில் தறிகளை நிறுவினார். கை நூற்பு, கைத்தறி, தாவரச் சாயம் ஆகியவற்றை இங்கிலாந்தில் மீண்டும் உயிர்ப்பித்தார். 1916 இல் தாவரச் சாயங்கள் பற்றி அவர் எழுதிய நூல் பலருக்கு வழிகாட்டியது. கைத்தொழில் வடிவமைப்பாளருக்கு அந்நாட்டில் வழங்கப்படும் மிக உயர்ந்த விருதைப் பெற்ற முதற் பெண் அவர். 1952 இல் காலமானார். ஆனந்தரின் பெயரைக் கொழும்பில் ஒரு மாவத்தை தாங்குகிறது. எதெலின் பெயரை இங்கு சொல்வார் இல்லை.

பெரியோர் வரலாற்றை எழுதும்போது அவர்கள் காணாமல் விட்டதையும் சொல்வதே நேர்மை. பழைய கண்டிச் சமூகத்தின் ஒழுங்கை ஆனந்தர் மிகவும் மெச்சினார். அவ்வொழுங்கின் அடித்தட்டில் இருந்தவர்கள் பட்ட அவமானத்தை அவர் அந்த அளவுக்கு எடைபோடவில்லை. அவர் புகழ்ந்த தும்பறைப் பாயை நெய்தவர்கள் சாதிப் படியில் மிகத் தாழ்வாக வைக்கப்பட்டவர்கள்; அந்தப் பாயின் அழகு அவர்களை உயர்த்தவில்லை. மேலும், அவர் கண்டியில் வாழ்ந்த காலத்தில் சுற்றியிருந்த மலைகளெல்லாம் தேயிலைத் தோட்டங்களாகி, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் லயங்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவருடைய பெருநூல் 1815 க்கு முந்திய உலகைப் பற்றியது; ஆதலால் அவர்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் அவர்களும் கண்டியின் மக்களே. தப்பும் காமன் கூத்தும் அவர்களுடைய கலைகளே. எம் சகோதரிகளில் எத்தனையோ பேரின் பாட்டிமார் அந்த லயங்களில் வாழ்ந்தவர்கள். அவர்களுடைய கைத்திறனையும் பாடலையும் அவர் காட்டிய முறையிலேயே கேட்டு எழுதும் வேலை பின்வந்தவர்களுக்கு விடப்பட்டது.

அவர் திறந்த வழியிற் பலர் நடந்தனர். கண்டிக்காலச் சமூக அமைப்பைப் பற்றி ரால்ப் பீரிஸ் எழுதிய நூல் 1956 இல் வந்தது. பேராதனையில் விரிவுரையாளராக இருந்த தமிழரான ஸ்டான்லி ஜெயராஜா தம்பையா பாத்த தும்பறைக் கிராமங்களின் நிலைமையைச் சக ஆய்வாளருடன் ஆராய்ந்து 1957 இல் வெளியிட்டார். பின்னாளில் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, தெற்காசிய நகரங்களில் மூளும் இனக்கலவரங்களையும் ஆராய்ந்தார். கண்டி இராச்சியத்தின் சடங்குகளை எச். எல். செனவிரத்ன ஆராய்ந்தார். ஜேம்ஸ் டங்கன் 1990 இல் வெளியிட்ட நூல் கண்டி நகரத்தையே ஒரு நூலாக வாசித்துக் காட்டியது.

1947 ஆகஸ்ட் 22 இல் ஆனந்தருக்கு எழுபது வயது நிறைந்தது. இந்தியா சுதந்திரம் பெற்று ஒரு வாரம் ஆகியிருந்தது. பொஸ்டனில் நண்பர்கள் அளித்த விருந்தில், ஓய்வு பெற்று இந்தியா திரும்பி அமைதியாக வாழப்போவதாக அறிவித்தார். பதினெட்டு நாட்களின் பின், செப்டெம்பர் 9 இல், மசசூசெற்ஸ் மாநிலத்தின் நீடம் என்ற ஊரிலுள்ள தம் இல்லத்தில் காலமானார். திரும்பி வர எண்ணியிருந்து வர முடியாமற்போன மனிதரின் நிலையை, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்னிலும் வாழும் எம் சகோதரிகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு நாம் செய்யக்கூடிய அஞ்சலி எளியது. விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் கண்டிக்கு வரும்போது தலதா மாளிகையோடும் குளக்கரையோடும் நின்றுவிடாமல் எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களையும் கடலாதெனியக் கற்படிகளையும் ஒருமுறை பார்த்து வாருங்கள். தும்பறைப் பாய் ஒன்றை வாங்குவதானால் நெய்தவரின் வீட்டுக்கே சென்று, அவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். தாயிடமோ பாட்டியிடமோ இன்னும் தங்கியிருக்கும் ஒரு தையலை, ஒரு தாலாட்டை, ஒரு கோலத்தை, அது எங்கிருந்து வந்தது, யார் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டுப் பெயரோடும் திகதியோடும் எழுதிவையுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம் தம்பதியர் இந்த மலைநாட்டில் செய்த வேலை அதுவே. அடுத்த நூற்றாண்டு மலரை எழுதப் போகிறவர்களுக்கு அந்தக் குறிப்புகள் தேவைப்படும்.